வளர்க்கத் தந்த பிள்ளையை நம் பிள்ளையாக்கிக்கொள்ள முடியுமா?

காட்பாடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டு பக்கமும் எழுதி நிரப்பிய ஐந்து தாள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 42 வயது, கணவருக்கு 46. 2008இல் வள்ளிமலையில் கல்யாணம். குழந்தை இல்லை. மூன்று முறை சிகிச்சை எடுத்து, கடைசி முறைக்குப் பிறகு "இதோட போதும்" என்று இருவருமே நிறுத்திக்கொண்டார்கள். கணவர் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலமாக ஃபாஸ்டர் கேர் என்ற வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தில் விண்ணப்பித்து, 14 மாதமாக ஒரு சிறுமியை வீட்டில் வைத்து வளர்க்கிறார்கள். அவளுக்கு இப்போது 8 வயது. குடியாத்தம் பக்கத்துப் பிள்ளை. அம்மா நோயில் இறந்துவிட்டார். அப்பா குடிப்பவர், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறார். பீடி சுற்றிப் பிழைக்கும் ஆயாவால், அதாவது பாட்டியால், தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அக்கம்பக்கத்தில் யாரோ குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்ய, பிள்ளை முதலில் ஒரு இல்லத்துக்கும் அங்கிருந்து இவர்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறாள்.

இப்போது அவளைத் தத்தெடுக்க வேண்டும் என்று ஆசை. அப்பாவிடம் போனில் பேச்சை எடுத்தபோது, "அம்பதாயிரம் கடன் இருக்கு, அதை அடைச்சுக் குடுத்தா எங்க வேணா கையெழுத்துப் போடறேன்" என்றாராம். கொழுந்தனார், "பாண்டு பேப்பர்ல எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடலாம், ஒரு நாள் வேலை" என்கிறார். மாமியார், "என்ன சாதியோ என்னமோ, பெத்தவன் வேற உயிரோட இருக்கான், கைக்குழந்தையா ஒண்ணு பாத்துக்கலாமே" என்கிறார். கோர்ட்டில் கேஸ் போட எவ்வளவு ஆகும், ஃபாஸ்டர் கேரில் இரண்டு வருஷம் ஆனால் தானாகவே பிள்ளை நமக்குத்தான் என்கிறார்களே, அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசிப் பக்கத்தை. அதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "அவ இன்னும் கொண்டுவந்த பையைப் பிரிக்கல மேடம். தீபாவளிக்கு அவங்க அப்பா ஒரு கவுன் வாங்கிட்டு வந்தார். ஆறு வயசுப் பிள்ளைக்கு ஆகற அளவு, பின்னால ஜிப்பே ஏறல. நாள் பூரா அதையேதான் போட்டுக்கிட்டு இருந்தா. நாங்க எடுத்த டிரஸ் கவர்கூடப் பிரிக்காம கெடந்தது. போன மாசம் இவர் கோபத்துல, 'இப்படியே பண்ணா திரும்ப ஹோம்லயே விட்டுடுவேன்'னு சொல்லிட்டார். அன்னையிலேர்ந்து தலகாணிக்கு அடியில இட்லி, பிஸ்கட்டுன்னு ஒளிச்சு வைக்கிறா. என்னை இன்னும் அத்தைன்னுதான் கூப்பிடறா."

அன்புள்ள சகோதரி,

நான் வழக்கறிஞர். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவிலும் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்திருக்கிறேன். அதனால் சட்டப் புத்தகத்தில் இருப்பதையும், அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன். சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். பையைப் பற்றிப் பேச நேரம் வேண்டும்.

ஃபாஸ்டர் கேர் வேறு, தத்து வேறு

உங்கள் வீட்டில் அவள் இருப்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆவது பிரிவின்படி. பெற்றோரால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை, இல்லத்தில் வளர்வதைவிட ஒரு குடும்பத்தில் வளரட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. இதில் பெற்றவருடைய உரிமை அற்றுப்போவதில்லை. குழு தடுக்காதவரை அவர் வந்து பார்க்கலாம். அவர் நிலைமை சரியாகி, பார்த்துக்கொள்ள முடியும் என்று குழுவுக்குப் பட்டால் பிள்ளை அவரிடமே திரும்பிப் போகலாம். இதை யாராவது முன்பே உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 14 மாதம் தலை வாரிப் பின்னிவிட்ட கைக்கு அது மறந்துபோவதும் இயல்புதான்.

தத்து என்பது இன்னொரு பாதை. அதற்கு அந்தப் பிள்ளை "சட்டப்படி தத்துக் கொடுக்கத் தகுதியானவர்" என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளை விஷயத்தில் அது இன்னும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அவளை ஃபாஸ்டர் கேருக்கே அனுப்பியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் தத்துக்குத் தகுதியான குழந்தையை நீண்டகால வளர்ப்பில் வைக்கக்கூடாது என்பது அதே 44ஆவது பிரிவின் பொது விதி.

சரி, இரண்டு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? 2024இல் திருத்திய ஃபாஸ்டர் கேர் வழிகாட்டுதலில் இருந்து வந்தது. முன்பு ஒரு குடும்பம் ஐந்து ஆண்டு வளர்த்த பிறகுதான் அந்தப் பிள்ளையைத் தத்துக் கேட்க முடியும். இப்போது இரண்டு ஆண்டு போதும். ஆனால் இரண்டு ஆண்டு முடிந்தால் கேட்கலாம் என்பதுதான் இதன் பொருள். தானாகக் கிடைத்துவிடும் என்று யார் சொல்லியிருந்தாலும் தப்பு. அவள் தத்துக்குத் தகுதியானவள் என்ற அறிவிப்பும் அப்போது கையில் இருக்க வேண்டும்.

அப்பாவின் கையெழுத்து

ஐம்பதாயிரத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கைமாற்றாக, கடனாக, "பாவம், கஷ்டத்துல இருக்கார்" என்று உதவியாக, எந்தப் பெயரிலும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுப்பது விற்பனை. 81ஆவது பிரிவில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும் உண்டு. முறைப்படி தத்து நடந்தாலும், ஆணை போடும் முன்பு பணம் எதுவும் கைமாறவில்லை என்று அதிகாரி உறுதிசெய்துகொள்ள வேண்டும். நீங்கள் நல்ல மனதோடு ஜிபே பண்ணிய ஒரு தொகை, நாளைக்கு அந்த இடத்தில் உங்களைப் பார்த்துக் கேள்வியாக நிற்கும்.

கொழுந்தனார் சொல்வது வானத்திலிருந்து குதித்த யோசனை ஒன்றும் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அண்ணன் பிள்ளையைத் தம்பி தத்தெடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவது நம் பக்கத்தில் காலங்காலமாக நடப்பதுதான். முறையாகப் பதிந்த பத்திரத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பும் உண்டு. ஆனால் அந்தச் சட்டமும் 17ஆவது பிரிவில் பணம் வாங்குவதையும் கொடுப்பதையும் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. அப்புறம், உங்கள் வீட்டுப் பிள்ளை குழந்தைகள் நலக் குழுவின் ஆணையில் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டவள். மாதாமாதம் வந்து பார்க்க வேண்டிய குழுவுக்குத் தெரியாமல், ஊரிலிருந்து வரவழைத்த அப்பாவிடம் கையெழுத்து வாங்குவது, நம்பி ஒப்படைத்தவர்களின் முதுகுக்குப் பின்னால் செய்கிற காரியம். குழு அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ள அதுவே காரணமாகலாம். பாண்டு பேப்பரும் நோட்டரி முத்திரையும் மட்டும் வைத்துக்கொண்டு, "எங்களிடம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று குழுவின் முன்பு வந்து நின்ற தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். முறையை மீறிய தத்துக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 80ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல நேரும்போது என் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.

முறையான வழி இப்படிப் போகிறது. அப்பா தன்னால் வளர்க்க முடியாது என்று முடிவெடுத்தால், அவரே குழுவின் முன்பு வந்து ஒப்படைப்பு ஆவணத்தில் கையெழுத்திட வேண்டும். தாயின் இறப்புச் சான்றும் கேட்பார்கள். அதற்கு முன்பு அவருக்கு ஆலோசனை தருவார்கள். கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன் பிறகே தகுதி அறிவிப்பு. அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போனால், குழு விசாரித்து, தேடி, அறிக்கை பெற்று முடிவெடுக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பாவை அவசரப்படுத்தி அடுத்த மாதமே ஒப்படைக்க வைத்தால், உங்கள் இரண்டு ஆண்டு முடியும் முன்பே அவள் தத்துக்குத் தகுதியானவள் ஆகிவிடுவாள். அப்போது அவள் பெயர் பொதுப் பட்டியலில் ஏறி, வேறொரு குடும்பத்துக்குக் காட்டப்படவும் வழி இருக்கிறது. அதனால் இப்போதே குழுவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: இந்தப் பிள்ளையைத் தத்தெடுக்க நாங்கள் விரும்புகிறோம், காலம் வரும்போது எங்களைப் பரிசீலிக்கவும், அப்பாவிடம் நாங்கள் நேரடியாகப் பேரம் பேச விரும்பவில்லை, குழுவே அவரிடம் பேசட்டும். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பணம் கேட்டதையும் மறைக்காமல் வாய்மொழியாகவாவது சொல்லிவிடுங்கள். அவர்மேல் புகார் எழுதவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. கடனிலும் குடியிலும் இருக்கும் ஒருவரோடு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும், அந்த வேலை உங்களுடையதாக இருக்கக்கூடாது.

அவர் கடைசிவரை கையெழுத்திடவில்லை என்றால்? அப்பாவிடம் போகும் நிலைமையும் வரவில்லை என்றால், அவள் 18 வயது வரை ஃபாஸ்டர் கேரில் உங்களோடு தொடர முடியும். இனிஷியல் மாறாது. மாதம் 4,000 ரூபாய் அரசு உதவி தொடரும். தத்து ஆணை வந்தால்தான் அது நின்றுபோகும். அந்த வாழ்க்கைக்கும் உங்கள் மனம் தயாரா என்று கணவரும் நீங்களும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். "தத்து கிடைத்தால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் பார்க்கலாம்" என்ற எண்ணம் யாருக்காவது ஒரு ஓரத்தில் இருந்தால், அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். ஏற்கெனவே பாதி கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் உங்கள் கடைசிப் பக்கம் சொல்கிறது.

கோர்ட்டும் மாமியாரும்

கோர்ட் செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2021இல் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை போடும் அதிகாரத்தை நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றிவிட்டார்கள். என் தொழிலில் ஒரு வேலை குறைந்தது, உங்களுக்கு லாபம். தத்துக்கான மத்திய அமைப்பான காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதிவு, ஆவணங்கள், வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஹோம் ஸ்டடி, பிறகு ஆட்சியரிடம் மனு. இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள். வக்கீல் தேவையில்லை. குடியாத்தமும் காட்பாடியும் ஒரே வேலூர் மாவட்டத்தில் இருப்பது உங்களுக்கு ஒரு வசதி. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, பிள்ளையின் கோப்பு ஓர் ஊரிலும் வளர்க்கும் வீடு ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இருந்தால் அலைச்சல் கூடிவிடும். உங்களுக்கு எல்லாம் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரியோடு முடிந்தது.

"கைக்குழந்தையா ஒண்ணு" என்று மாமியார் சொல்வதற்கு மரியாதையாக ஒரு கணக்கைச் சொல்லுங்கள். உங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 88. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக்கூடாது. அந்தக் கதவு மூடிவிட்டது. நான்கு வயதுக்கு மேல் எட்டு வயது வரை 100, எட்டைத் தாண்டினால் 110. ஆக, இந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை உங்களுக்கு வயது ஒரு தடையே இல்லை. "வயசாயிடுச்சு, தத்தே கிடைக்காது" என்று நீங்கள் பயந்ததும் தவறு.

பெத்த அப்பன் நாளைக்கு வந்து நிற்பாரா? ஆணை வந்த பிறகு உரிமை கேட்டு நிற்க முடியாது. 63ஆவது பிரிவின்படி அன்றிலிருந்து அவள் எல்லா விதத்திலும் உங்கள் மகள், சொத்து உட்பட. பெற்ற குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு முடிந்துவிடும். கொழுந்தனார் வீட்டில் அது பிடிக்காமல் போகலாம், அதை நீங்கள் இப்போதே எதிர்பார்த்து வைப்பது நல்லது. குடியாத்தத்தில் அவள் அம்மா பெயரில் கால் சென்ட் இருந்து, அது ஏற்கெனவே அவளுக்கு வந்திருந்தால், தத்தால் அது போகாது. அவளுடையது அவளுக்கே. சாதி பற்றி மாமியார் கேட்டதற்கு என்னிடம் சட்டப் பதில் எதுவும் இல்லை. அந்த வீட்டில் அவளுக்குச் சோறு போடும்போது யார் முகம் எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹோம் ஸ்டடிக்கு வருகிறவரும் வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் பேசுவார். அதற்குள் மாமியாருக்கும் அவளுக்கும் நடுவில் ஏதாவது ஒரு சின்னப் பழக்கம் உண்டாகட்டும். சாயங்காலம் பூ கட்டுவது போதும்.

அந்தப் பை

இப்போது பை. அதை அவளுக்காக நீங்கள் பிரித்து அடுக்கிவிடாதீர்கள். பரிவோடு செய்தாலும் வேண்டாம்.

அவள் பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மாவோடு இருந்த வீட்டிலிருந்து ஆயா வீடு, ஆயா வீட்டிலிருந்து இல்லம், இல்லத்திலிருந்து உங்கள் வீடு. எட்டு வயதுக்குள் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் யாரோ பெரியவர் வந்து அவசரமாகத் துணியை அடைத்திருப்பார், எதையாவது விட்டிருப்பார். இப்போது அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். குழுவில் இருந்தபோது ஒரு பையன் தினமும் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறான் என்று வளர்ப்புத் தாய் வந்து அழுதார். கேட்டதற்கு அவன், "போன தடவ செருப்பு அங்கயே விட்டுப்போச்சு" என்றான். அவன் கோபப்படவில்லை. தகவல் சொல்வதுபோல் சொன்னான்.

பீரோவில் கீழ்த்தட்டு ஒன்றை அவளுக்கென்று காலி செய்து கொடுங்கள். முடிந்தால் சாவியோடு. "பையை இதுல வெச்சுக்கலாம், பிரிச்சாலும் சரி, பிரிக்காட்டியும் சரி, இந்தத் தட்டு உன்னோடது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். யாரும் அதைத் திறக்கக்கூடாது. தூசி தட்டக்கூட வேண்டாம்.

தலையணை இட்லி விஷயமும் இதேதான். பசியோடு படுத்த நாட்கள் அவளுக்கு இருந்திருக்கும். திட்டாதீர்கள், கண்டுபிடித்தேன் என்று காட்டவும் வேண்டாம். ஒரு தூக்குச் சட்டியோ பிளாஸ்டிக் டப்பாவோ அவள் கட்டில் பக்கத்தில் வையுங்கள். முறுக்கு, கடலை மிட்டாய், ஊசிப்போகாத எதுவானாலும். தீரத் தீர நிரப்புங்கள், எவ்வளவு தின்றாள் என்று கேட்காமல். சில வாரங்களில் டப்பா அப்படியே இருக்க ஆரம்பிக்கும். அப்போதும் எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கணவர் சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன். "ஹோம்ல விட்டுடுவேன்" என்பதை நம் வீடுகளில் பெற்ற பிள்ளையிடம்கூட ஆயிரம் தடவை சொல்கிறோம், பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுப்பேன் என்பதுபோல. பெற்ற பிள்ளை அதை நம்புவதில்லை. இவள் நம்புவாள், ஏனென்றால் இவளுக்கு அது நடந்திருக்கிறது. நீங்கள் இருவரும் தப்பானவர்கள் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னவரே திரும்பப் பெற வேண்டும். நீங்கள் சமாதானம் சொன்னால் போதாது. அவர் கடையிலிருந்து வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நான் அன்னைக்குக் கோபத்துல அப்படிச் சொன்னது தப்பு. இனிமே அதைச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லட்டும். அதோடு நிறுத்தட்டும். பதிலுக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும் பரவாயில்லை.

அதே நேரம், "உன்னை யாரும் எங்ககிட்டேர்ந்து பிரிக்க முடியாது" என்றும் சொல்லாதீர்கள். இன்றைக்கு அது உண்மை இல்லை. உண்மையானதைச் சொல்லுங்கள்: இந்த வருஷம் ஸ்கூல் முடியறவரைக்கும் நீ இங்கதான், மேல என்னன்னு பெரியவங்க பேசிக்கிட்டிருக்காங்க, உன்னையும் கேப்பாங்க, எது நடந்தாலும் முதல்ல உனக்குத்தான் சொல்வோம். கடைசி வாக்கியத்தைக் காப்பாற்ற வேண்டும். குழுவின் முன்பு போகிற நாள், ஹோம் ஸ்டடிக்கு ஆள் வருகிற நாள், அப்பா வருகிற நாள், எல்லாவற்றையும் காலண்டரில் வட்டம் போட்டு முன்கூட்டியே காட்டுங்கள்.

அந்தக் கவுன் உங்களை வருத்தியிருப்பது எழுத்தில் தெரிகிறது. வருத்தம் நியாயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆறு வயசு அளவில் கவுன் எடுத்தவர் மனதில் அவர் விட்டுவிட்டுப் போன அன்றைய பிள்ளைதான் இருக்கிறாள். கடையில் நின்று, கையால் உயரம் காட்டி, "இந்த அளவுப் பிள்ளைக்கு" என்று கேட்டிருப்பார். அவள் ஜிப் ஏறாத கவுனோடு நாள் முழுக்க இருந்ததும் அதனால்தான். அதில் உங்களுக்கு எதிராக ஒன்றும் இல்லை. எதிர்காலத்தில் அவள் உங்கள் மகளாகும்போது அந்தக் கவுனும் கூட வரும். குடிகாரன், பொறுப்பில்லாதவன் என்று அவள் காதுபட யாரும் அவரைப் பேசக்கூடாது, கொழுந்தனார் உட்பட. அவரைத் திட்டினால் அவளில் பாதியைத் திட்டியதாகத்தான் அவளுக்குக் கேட்கும்.

"அத்தை" என்று கூப்பிடுவதை மாற்ற முயலாதீர்கள். அவளுக்கு அம்மா ஒருவர் இருந்தார். அந்தச் சொல்லை உங்களுக்குக் கொடுத்தால் அவரிடமிருந்து எடுத்துவிட்டதாக நினைக்கும் வயது இது. பெயரை மாற்றுவது, வேறு ஸ்கூலில் சேர்த்துப் பழையதெல்லாம் தெரியாமல் வளர்ப்பது என்று கடிதத்தின் நடுவில் ஒரு யோசனை எழுதியிருந்தீர்கள். கைக்குழந்தைக்கே தத்து விஷயத்தை மறைக்கக்கூடாது என்பேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் எதை மறைப்பது? பள்ளிக்கூடத்தின் எமிஸ் பதிவிலும் ஆதாரிலும் பெற்றோர் பெயரை மாற்றுவதெல்லாம் ஆணை வந்த பிறகு, அதைக் காட்டிச் செய்கிற வேலை. அவள் பெயர் அவள் அம்மா வைத்தது, அது இருக்கட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "எங்க தத்துப் பொண்ணு" என்று படம் போடுவதையும் நிறுத்திவிடுங்கள். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு 74ஆவது பிரிவில் தண்டனை இருக்கிறது.

ஆயாவைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர்தான் இதில் முக்கியமான ஆள் என்று படுகிறது. சட்டத்தில் அவர் உறவினர். இதுவரை கேட்கவில்லை என்றாலும் தத்துப் பேச்சு வரும்போது குழு அவரையும் விசாரிக்கும். அதைவிட, அவள் அம்மா எப்படி இருந்தார், எதற்குச் சிரிப்பார், இவள் எந்த மழையில் பிறந்தாள் என்பதெல்லாம் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குழுவிடம் சொல்லிவிட்டு அவளை அழைத்துப் போங்கள். அந்தக் கூட்டத்தில் அம்மா தோளில் உட்கார்ந்து பார்த்த ஞாபகம் அவளுக்கு இருக்கலாம். ஆயா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், படம் ஏதாவது இருந்தால் ஒட்டுங்கள். தத்து ஆன பிறகும் ஆயாவைப் பார்க்க வேண்டாம் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் தூக்கத்தில் அலறுவது, படுக்கையை நனைப்பது, தன்னையே அடித்துக்கொள்வது போன்றவை இருந்தால் ஆலோசனைக்குப் போகத் தயங்காதீர்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நல்லபடியாகப் பழகிய பிள்ளை திடீரென்று அடம்பிடிக்க, பொய் சொல்ல ஆரம்பித்தால் அது பெரும்பாலும் கெட்ட அறிகுறி இல்லை. இந்த வீடு எவ்வளவு தாங்கும் என்று அழுத்திப் பார்க்கிறாள்.

அடுத்த பத்து மாதத்துக்கு

இரண்டு ஆண்டு முடிய உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. குழுவுக்குக் கடிதம் இந்த வாரமே. பான், ஆதார், வயதுச் சான்று, வருமானச் சான்று, இருவருக்கும் மருத்துவச் சான்று, உங்களை நன்றாகத் தெரிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம், எல்லாம் மெதுவாகச் சேர்க்கலாம். கட்ட வேண்டிய கட்டணம் எதுவானாலும் விதிமுறையில் உள்ளதை மட்டும், ரசீதோடு கட்டுங்கள். "சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்" என்று யாராவது வந்தால் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அலுவலகத்தில் சொல்லுங்கள். ஆணைக்குப் பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அதை வேவு பார்ப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் கல்யாணச் சான்றிதழ். 2008இல் வள்ளிமலையில் நடந்தது என்கிறீர்கள். கோயில் ரசீதும் ஆல்பமும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009இல். உங்களுடையது அதற்கு முந்தையது, இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். கோயில் ரசீது, பத்திரிகை, இருவரின் அடையாள அட்டை, சாட்சிகள் தேவைப்படும். பத்திரிகை ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று மாமியாரிடம் கேளுங்கள், அந்தத் தலைமுறை இதையெல்லாம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும்.

கட்டணம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் வேண்டாம். குழுவுக்குக் கொடுக்கும் கடிதத்தை எழுதியதும் ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.